உம்மா கேட்ட கேள்வி

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒருநாள், தம்பி ‘மை நெய்பர் டொடோரோ’ என்ற ஜப்பானியக் காட்டூன் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் இசையைக் கேட்டுக் குசினியிலிருந்து வந்த உம்மா, “இவ்வளவு வாத்தியத்தையும் ஒராளா வாசிக்கிற?” என்று கேட்டார்.

எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர்கள் பலர். அந்தப் படத்துக்கு எழுதியவர் ஜோ ஹிசாயிஷி. வயலின் போன்ற நரம்பு வாத்தியங்கள், புல்லாங்குழல் வகைகள், ட்ரம்பெட் போன்ற பித்தளை வாத்தியங்கள், முரசு வகைகள் என ஓர்கெஸ்ட்ராவில் நான்கு பிரிவுகள் உண்டு. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பகுதி மட்டும் எழுதிய தாள் இருக்கும். எல்லாப் பகுதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய முழுப் பிரதி நடத்துநரிடம் இருக்கும்.

“தமிழில் இப்படி யார்?” என்றார் உம்மா. ஏ. ஆர். ரஹ்மானைப் பற்றித் தேடி வாசித்தேன்.

1967இல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதானபோது தந்தை காலமானார். அவர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்துத் தாய் கரீமா பேகம் குடும்பத்தை நடத்தினார். சிறுவயதிலேயே கீபோர்ட் வாசித்து உழைத்த மகனால் பாடசாலைப் படிப்பை முடிக்க இயலவில்லை. ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லாதபோது தாய் தன் நகைகளைக் கொடுத்தார். பிறரின் குழுக்களில் வாசித்து, விளம்பரங்களுக்கு இசையமைத்துப் பல வருடங்கள் கழிந்த பின்னரே 1992இல் ‘ரோஜா’ வந்தது. 2009இல் ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன.

தான் கற்றதை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 2008இல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கினார். 2021இல் துபாய் எக்ஸ்போவில் அரங்கேறிய ‘பிர்தவ்ஸ்’ ஓர்கெஸ்ட்ராவுக்கு வழிகாட்டினார். அதில் வாசித்த அனைவரும் பெண்கள். நடத்தியவரும் யாஸ்மினா ஸப்பாஹ் என்ற பெண்ணே.

இசை பற்றி நம் வீடுகளில் பல கருத்துகள் உண்டு. நானும் இசை படிக்கக் கேட்கவில்லை. உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கவே விரும்பினேன். “படம் கீறி என்ன செய்யப் போற?” என்று வாப்பா கேட்டிருந்ததால் விண்ணப்பப் படிவம் மேசையில் நிரப்பாமலே கிடந்தது.

வாசித்ததையெல்லாம் சொல்லி முடித்தபோது உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ளைக்குப் படிப்ப விட வேண்டி வந்திச்சு. ஒனக்கு அப்படியொரு கஷ்டம் இல்ல. நல்லாப் படி; சித்திரத்தையும் எழுது. வாப்பாவோட நான் பேசுறன்” என்றார்.

அன்றிரவே படிவத்தை நிரப்பினேன்.