கயோலின்: பீங்கானுக்கு வெண்மை தரும் களிமண்ணின் தன்மைகள் என்ன?

பீங்கான் கோப்பை, கழிவறைச் சாதனங்கள், மின்கம்பிகளைத் தாங்கும் மின்காப்பான் ஆகியவற்றின் முக்கிய மூலப்பொருள் கயோலின் எனப்படும் சீனக் களிமண் ஆகும். சீனாவின் ஜியாங்சி மாகாணத்திலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே இதற்கு அமைந்தது. இந்தியாவில் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களில் இது வெட்டியெடுக்கப்படுகிறது.

எவ்வாறு உருவாகிறது?

கிரானைட் போன்ற பாறைகளில் உள்ள ஃபெல்ஸ்பார், நீரின் வினையால் நெடுங்காலம் சிதைந்து கயோலினைட் என்ற கனிமமாக மாறுகிறது. இதன் நுண்துகள்கள் மெல்லிய தகடு வடிவிலானவை. ஈரமான நிலையில் அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்வதால் மண்ணை விரும்பிய வடிவில் வனைய முடிகிறது. பென்டோனைட் களிமண்ணைப் போல இது நீரை உறிஞ்சிப் பெருமளவு உப்புவதில்லை. எனவே உலரும்போது விரிசல் குறைவு.

சூளையில் நிகழ்வது

சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸில், கனிமத்தின் எடையில் ஏறத்தாழ 14 சதவீதமாக உள்ள பிணைப்பு நீர் வெளியேறுகிறது. அதன்பின் அதை நீரில் குழைத்து மீண்டும் களிமண்ணாக்க முடியாது. 1,000 டிகிரிக்கு மேல் உருவாகும் முல்லைட் படிகங்கள் பீங்கானுக்கு உறுதி அளிக்கின்றன. இரும்பு ஆக்சைடு கலந்திருந்தால் வெண்மை கெடும். அதனால்தான் மண் முதலில் கழுவிச் சுத்திகரிக்கப்படுகிறது.

தொழிலாளர் பாதுகாப்பு

பீங்கான் கலவையில் சேர்க்கப்படும் குவார்ட்ஸின் நுண்தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால், குணப்படுத்த இயலாத சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் ஏற்படும். ஈரமுறையில் அரைப்பதும், தூசியை உறிஞ்சி அகற்றும் கருவிகளைப் பொருத்துவதும் இந்த ஆபத்தைக் குறைக்கும்.