'நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்!' - மேற்படிப்பு விண்ணப்பமும் ஒரு மந்தைவெளி அம்மாவும்

மந்தைவெளியில் இருக்கும் என் பெரியம்மா வீட்டு டைனிங் டேபிளில் கடந்த ஒரு வருடமாக யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மார்க் ஷீட் நகல்கள், பாஸ்போர்ட், வங்கிப் படிவங்கள், ஆறு கலர் ஃபைல்கள் என மேஜை முழுக்கக் காகிதம்தான். பெரியம்மாவின் ஒரே மகள், எனக்கு அக்கா, ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பித்த கதை அது. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டி.வி பார்க்கப் பெரியம்மாவும் பழகிவிட்டார்.

பெரியப்பா இல்லை. அக்கா கிளம்பிவிட்டால் அந்த வீட்டில் பெரியம்மா தனி. அதனால் ஒவ்வொரு ஃபாரத்தை நிரப்பும்போதும், 'போகலாமா, வேண்டாமா?' என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வருடம் இதே கேள்வியோடு மயிலாப்பூரிலும், தி.நகரிலும், அடையாறிலும் எத்தனையோ வீடுகள் இருக்கும். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

1930-ல் மயிலாப்பூரில் ஒரு மாணவர்

இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு அப்போது எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெயர். அங்கே 'சந்திர விலாஸ்' என்ற வீட்டில் இருந்தபடி மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார் ஒரு மாணவர். கல்லூரியில் படிக்கும்போதே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலர் என்ற பேராசிரியருக்கு அனுப்பினார். ஃபௌலருடன் அவருக்கு முன்பின் அறிமுகம் கிடையாது. அவர் எழுதிய கட்டுரையைப் படித்திருந்தார், அவ்வளவுதான். 1929-ல் அந்த மாணவரின் கட்டுரை ராயல் சொசைட்டி இதழில் வெளியானது. அடுத்த வருடம் அரசு உதவித்தொகை கிடைத்து, அதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்யக் கப்பல் ஏறினார். அவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர். 1983-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்.

பலருக்கும் தெரியாத பகுதி ஒன்று இதில் உண்டு. அவர் கிளம்ப வேண்டிய நேரத்தில் அம்மா சீதாலட்சுமி கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். மகன் தயங்கினார். நீ போய்த்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர் அந்த அம்மாதான். 1931 மே மாதம் அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

இதை ஒருநாள் அந்த டைனிங் டேபிளில் நான்தான் சொல்லித் தொலைத்தேன். பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தம்மா அப்புறம் பிள்ளையைப் பார்த்தாங்களா?"

"இல்ல பெரியம்மா."

கொஞ்ச நேரம் அமைதி. அக்கா என்னை முறைத்தாள். பெரியம்மா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

'சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் என்றால்...'

விண்ணப்பத்தில் மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது எஸ்.ஓ.பி எனப்படும் நோக்கக் கட்டுரை. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், அதற்கு நான் என்ன தயாரிப்பு செய்திருக்கிறேன் என்று இரண்டு பக்கத்துக்குள் சொல்ல வேண்டும்.

அக்கா முதலில் ஒரு கன்சல்டன்சிக்குப் பணம் கட்டினாள். ரெடிமேடாக ஒரு கட்டுரை வந்தது. சிறு வயதிலிருந்தே அறிவியலில் தீராத ஆர்வம் என்று ஆரம்பித்தது. அதே கன்சல்டன்சிக்குப் போன அவளுடைய தோழிக்கும் அதே முதல் வரி. அந்தக் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானே எழுத உட்கார்ந்தாள்.

உயிர்வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். எடுத்த ரத்தத்தைப் பிரித்து வைக்காமல் அப்படியே விட்டால், ரத்த அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக, அளவு குறைவாகக் காட்டும். சென்னை வெயிலில், டிராஃபிக்கில், பைக்கில் வரும் மாதிரிகளைத் தினமும் வாங்கி வைத்தவளுக்கு இது வெறும் பாடம் இல்லை. 'நம் ஊர் சூழ்நிலைக்கு ஏற்ற பரிசோதனை முறைகள் என்ன?' என்ற கேள்வியிலிருந்து தன் கட்டுரையைத் தொடங்கினாள். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும், அதில் அவள் இருந்தாள்.

உங்கள் பிள்ளை எழுதிய எஸ்.ஓ.பி-யில் பெயரை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வேறு யாருக்கும் அது பொருந்தினால், திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதமும் இனிஷியலும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும். பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஆசிரியரே மேல். கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பாவது கேட்டுவிட வேண்டும். மதிப்பெண், செய்த புராஜெக்ட், எஸ்.ஓ.பி வரைவு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், அவர்களுக்கும் எழுதுவது எளிது.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்கு இவை இரண்டு வேறு ஆட்கள் போலத் தெரியலாம். எனவே, தேர்வுகளுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். முடிந்தால் கல்லூரி இறுதியாண்டிலேயே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது?

அமெரிக்காவில் ஆகஸ்ட்டில் தொடங்கும் வகுப்புக்கு, அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே பல இடங்களில் விண்ணப்பம் முடிந்துவிடும். ஐ.இ.எல்.டி.எஸ் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கும், ஜி.ஆர்.இ 5 ஆண்டுகளுக்கும் செல்லும். ஜி.ஆர்.இ தேர்வும் 2023 செப்டம்பரிலிருந்து 2 மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. இன்னொரு விஷயம்: உதவித்தொகையோடு இடம் தரும் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளன. 'நாளைக்கே சொல்லு' என்று யாராவது அவசரப்படுத்தினால், இதை நினைவில் வையுங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ் சான்றிதழ் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். 'யூனி-அசிஸ்ட்' வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. விசாவுக்கு, ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் காட்ட வேண்டும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால், ஏறக்குறைய 12 லட்சம். அது நம் பணம்தான், அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் மொத்தமாகப் புரட்ட வேண்டுமே!

இங்கேயே படித்தால் குறைவா?

இல்லவே இல்லை. அக்கா இங்கேயும் விண்ணப்பித்திருந்தாள். 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி எனப் பல வளாகங்கள். ஐ.ஐ.டி-க்களில் எம்.எஸ்ஸி படிக்க 'ஜாம்', எம்.டெக் படிக்க 'கேட்' என இரண்டு தேர்வுகளும் பிப்ரவரியை ஒட்டி நடக்கும். கேட் மதிப்பெண் 3 ஆண்டுகளுக்குச் செல்லும், எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி - பி.ஜி. வெளிநாட்டு விண்ணப்பம் போடும் வருடத்திலேயே இவற்றில் ஒன்றையாவது எழுதிவைப்பது புத்திசாலித்தனம். 'கிடைக்கலைன்னா என்ன பண்ணுவே?' என்ற உறவினர் கேள்விக்கு பதில் கையில் இருக்கும், பிள்ளைக்கும் தூக்கம் வரும்.

மறுபடியும் அந்த டைனிங் டேபிள்

ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாள் அக்கா. மூன்றில் 'வருந்துகிறோம்' என்று மெயில். நான்காவதிலிருந்து இன்றுவரை பதிலே இல்லை. ஐந்தாவது இடம், ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு, 'வாருங்கள்' என்றது.

அக்கா சத்தம் போடவில்லை. மொபைலை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இங்கேயே சேர்ந்துடட்டுமாம்மா?" என்றாள். அவள் பணத்தை மட்டும் வைத்துக் கேட்கவில்லை என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை பீரோவைத் திறந்து, பெரியப்பா போட்டுவைத்த ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதை எடுத்தார். "இது உன் கல்யாணத்துக்குன்னு அப்பா போட்டது. படிப்புக்குன்னா அவர் சண்டையா போடப்போறார்? மீதிக்கு லோன் கேட்போம். நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொன்ன அந்தம்மா காலத்துல வீடியோ கால் இல்ல. எனக்கு இருக்கு. ஆனா அதை எப்படிப் போடறதுன்னு இவ போறதுக்குள்ள கத்துக் குடு" என்றார்.

அன்று மதியமே இருவரும் வங்கிக்குக் கிளம்பினார்கள். நான் மேஜையிலிருந்த ஃபைல்களை ஒரு ஓரமாக அடுக்கினேன். அக்டோபரில் அக்கா கிளம்பிய பிறகு அந்த மேஜை காலியாகத்தான் இருக்கும். அதனால் இப்போதைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.