முப்பதடி உயரத்தில் ஒரு பழங்காடு

முதிர்ந்த காடு என்றால் வானளாவிய மரங்கள்தான் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டையின் கோயில் காடுகளைப் புதர் என்றே கடந்துவிடுவார்கள். முப்பது, நாற்பது அடிக்கு மேல் இங்கே மரங்கள் உயர்வது அரிது. ஆனாலும் இது பழங்காடுதான். வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று இதற்குத் தனியிடம் கொடுத்தார்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய பகுதிகளில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் இதன் நெருங்கிய உறவுக் காடுகளை ஈழத்து வன்னியில் பார்க்கலாம். அங்கும் பாலை, வீரை, கருங்காலிதான்.

மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. மற்ற வறண்ட காடுகள் இலையை உதிர்த்துத் தப்பிக்க, இந்த மரங்கள் சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன. தோல்போல் தடித்த இலை நீரிழப்பைக் குறைக்கிறது. அதற்கு விலை வளர்ச்சி வேகம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் தண்டு பருக்கும். தொடைப் பருமனுள்ள ஒரு பாலை மரம் நம் தாத்தாவுக்கு மூத்ததாக இருக்கலாம்!

புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் என். பார்த்தசாரதியும் அவரது மாணவர்களும் அரையப்பட்டி, மரமடக்கி, சண்முகநாதபுரம் போன்ற ஊர்க் காடுகளில் மரம் மரமாகச் சுற்றளவு எடுத்தார்கள். சில இடங்களில் ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தார்கள். மெதுவாக வளரும் காட்டைப் புரிந்துகொள்ள வேறு வழியில்லை.

காட்டுக்கு வெளியே நிலைமை வேறு. ஊரார் ஆர்எஸ்பதி என்று சொல்லும் தைலமரம் பெரும் பரப்பில் ஒற்றைப் பயிராக நிற்கிறது. தோட்டத்துக்காகப் போட்ட வரப்புகள் கண்மாய்க்கு வரும் மழைநீரை மறிக்கின்றன என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். கொண்டைக்குருவியும் மைனாவும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் கோயில் காட்டுப் பழங்களைத் தின்று விதையை வெளியே சுமந்து போகின்றன. விழுந்த விதை முளைத்து நிற்க நிழலும் மக்கிய இலையும் வேண்டும். உழுது புரட்டிய தோட்டத்தில் அவை ஏது?

எனக்குப் பெரிய கவலை கோடரி அல்ல. அய்யனாருக்கு அஞ்சி இந்தக் காட்டில் சுள்ளிகூட ஒடிக்காத ஊர்கள் உண்டு. இப்போது பக்தியின் பேராலேயே காடு சுருங்குகிறது. திருப்பணி என்று தொடங்கினால் மண்டபம், சிமெண்ட் தளம், வண்டி நிறுத்துமிடம் என்று நீள்கிறது. அடிக்காட்டைக் 'குப்பை' என்று வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். பெரிய மரங்கள் தப்பிவிடும். அவற்றின் வாரிசுகள் அந்தக் குப்பையோடு போய்விடும். அடுத்த தலைமுறைக் கன்று இல்லாத மரக்கூட்டம் காடாக நீடிக்காது.

கோயில் கமிட்டிகள் செய்யக்கூடியது எளிது: சந்நிதிக்கு ஒற்றைப் பாதை போதும், மற்ற இடத்தில் துடைப்பமும் அரிவாளும் வேண்டாம். செலவே இல்லை. வெட்டுப்பட்ட காயா மரங்கூட அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆடுமாடு கடிக்காமல் விட்டால். செம்மண் பொட்டலாகக் கிடந்த ஆரோவில்லில், எஞ்சிய காடுகளிலிருந்து விதை சேகரித்து இதே வகைக் காட்டை மீட்டு வருகிறார்கள். புதுக்கோட்டையில் தைலமரம் எடுத்த நிலங்களில் அதைத் தொடங்கலாம். விதை பக்கத்து ஊர் அய்யனார் கோயிலிலேயே கிடைக்கும்.