தறி நிற்கும் வீட்டில் துப்புரவு

தரையை ஒட்டிய காற்று

இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியின் பகுதியாக விளங்கும் செவிலிமேடு போன்ற நெசவூர்களில் தறி நிற்கும் கூடமே வீடாகவும் தொழிற்கூடமாகவும் இருந்துவருகிறது. குழித்தறியில் நெய்பவர் மிதிகளை இயக்குவதற்காகக் கால்களைக் குழிக்குள் இறக்கித் தரைமட்டத்தில் அமர்வதால், தரையில் ஊற்றப்படும் எந்தத் திரவத்தின் ஆவியும் மற்றவரைவிட முதலில் அவரையே சென்றடைகிறது. கழிவறைக்கு வாங்கும் ஆசிட், அதாவது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளீச்சிங் பவுடரோடு சேரும்போது குளோரின் வாயு வெளிப்படுகிறது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான இவ்வாயு மேலெழாமல் தாழ்ந்த இடங்களில் தேங்கும் இயல்புடையது என்பதால், காற்றோட்டமற்ற வீட்டில் தறிக்குழியும் அதற்கு ஏற்ற இடமாகிவிடும்.

கலவாமல் தனித்தனியே பயன்படுத்தினாலும் தீங்கு முற்றிலும் விலகுவதில்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 ஐரோப்பியர்களின் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டைத் துப்புரவு செய்துவந்த பெண்களின் நுரையீரல் திறன், அவ்வேலை செய்யாத பெண்களின் திறனைவிட விரைவாகக் குறைந்திருந்தது.

நெசவாளர் குடும்பத்துக்கு இதில் தொழிலிழப்பும் அடங்கியுள்ளது. பட்டிழை ஃபைப்ராயின் என்னும் புரதத்தால் ஆனது. பிளீச்சிங் திரவத்திலுள்ள ஹைப்போகுளோரைட் அப்புரதத்தைக் கரைத்துவிடும். குளோரின் பட்டால் சரிகையின் வெள்ளியும் கறுக்கும்.

பூந்திக்கொட்டை

கச்சாப் பட்டு நூலின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, செரிசின் என்னும் இயற்கைப் பசையாகும். சாயமிடுவதற்கு முன் நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்து இப்பசையை நீக்குவர். பசை நீங்கிய இழை காரத்தை அதிகம் தாங்காது என்பதால், நெய்த பட்டை அலசப் பூந்திக்கொட்டையைத் தேர்ந்த பழைய வழக்கம் வேதியியலுக்கும் பொருந்தி நிற்கிறது. அதன் தோலிலுள்ள சப்போனின், அதாவது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து எண்ணெயை அழுக்கோடு பிரித்தெடுக்கும் நுரைப்பொருள், காரச் சோப்பைப் போலக் கடின நீரில் வெள்ளைத் திப்பியாகத் திரிவதில்லை. எனவே கடின நீர்க் கிணறுகளை நம்பியுள்ள வீடுகளில் தரைக்கும் பாத்திரத்துக்கும்கூட இது பயன்படும்.

விதை நீக்கிய பத்துப் பதினைந்து கொட்டைகளை ஒரு லிட்டர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் கசக்கி வடிகட்டினால் போதும். சேர்ப்பொருள் இல்லாத இச்சாறு சில நாள்களில் புளித்துவிடுவதால், சிறிது சிறிதாகக் காய்ச்சுவதே நலம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால், கழுவிய நீரைக் குளத்திலோ ஏரியிலோ விடலாகாது.

புளியும் கடப்பாக்கல்லும்

பித்தளை விளக்கின் கறுப்பு, பெரும்பாலும் செம்பு ஆக்சைடு ஆகும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைக்கிறது. ஆயினும் நன்றாகக் கழுவித் துடைக்காமல் விட்டால், எஞ்சிய அமிலமே பச்சைக் களிம்பை வளர்க்கும். சமையலறை மேடையில் பதிக்கும் கடப்பாக்கல் சுண்ணாம்புப் பாறை வகை என்பதால், புளியும் எலுமிச்சையும் அதை அரித்து மங்கச்செய்யும். வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலக்கும் பரவலான யோசனை நுரையைத் தருமேயன்றிப் பயன் தராது. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுகின்றன.

பீரோவுக்குள்

பட்டுப்புடவைகளுக்கிடையே வைக்கும் அந்துருண்டை நாப்தலீனால் ஆனதாயின், அது திட நிலையிலிருந்தே ஆவியாகிச் சுவாசத்தில் கலக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு இதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். மாற்றாகத் துணியில் முடிந்த வசம்பை வைக்கலாம். எனினும் இயற்கைப் பொருள் என்பதற்காக அதைக் குழந்தைக்கு உரைத்துக் கொடுத்தல் தகாது, ஏனெனில் வசம்பிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது.

கிருமிநீக்கம் தேவைப்படும்போது

அழுக்கு நீக்கலும் கிருமிநீக்கலும் ஒன்றல்ல. வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்ட வீட்டில் மஞ்சள் நீரையும் வேப்பிலையையும் மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. இத்தகைய நாள்களில் தறியில் ஏற்றிய பாவையும் புடவைகளையும் மூடிவைத்து, சன்னல்களைத் திறந்து, கழிவை முதலில் சோப்பு நீரால் அகற்றியபின், 5 விழுக்காடு பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்து, வேறெதையும் கலவாமல் தரையில் பூசிப் பத்து நிமிடம் கழித்து வெறும் நீரால் துடைக்க வேண்டும். வீரியம் குறைந்துவிடும் என்பதால் மிஞ்சிய கலவையை மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது.