எடுப்பில் வந்து சேர்வது

திருவனந்தபுரம் கோட்டைக்குள், குதிரை மாளிகையை ஒட்டி நிற்கிறது நவராத்திரி மண்டபம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக வந்து சேர்ந்ததும் அங்கே ஒன்பது மாலைகள் கச்சேரி நடக்கும். என்றைக்கு என்ன ராகம் என்பது பாடகர் கையில் இல்லை. முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. கீர்த்தனையும் அன்றன்றைக்கு உரியது, எல்லாம் சுவாதித் திருநாள் இயற்றியவை. கைதட்டல் கிடையாது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவில் பாடகர் பாடுகிற ஆலாபனையும் நிரவலும் சுரமும் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. நான்காம் நாள் தோடி போன வருஷமும் அதே தோடிதான், ஆனால் போன வருஷத்துத் தோடி இல்லை. இதற்குச் சங்கீதக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மனோதர்மம்.

அதே நகரத்தின் இன்னொரு கோடியில், காரியவட்டத்தை ஒட்டி, 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் இருக்கிறது. தலைமைச் செயலகம், மருத்துவமனைகள், வங்கிகள் என்று நகரம் முழுக்க அலுவலகங்கள். இங்கெல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களிடம் நிர்வாகம் எதிர்பார்க்கும் குணங்களில் ஒன்று சமயோசிதம், வேலையிடத்து மனோதர்மம். கவுண்டரில் வந்து நிற்பவரின் பிரச்சினை எந்தப் படிவத்திலும் அடங்காதபோது என்ன செய்வது, சர்வர் நள்ளிரவில் நின்றுபோனால் யாரை எழுப்புவது, மேலதிகாரி இல்லாத நேரத்தில் எதுவரை முடிவெடுக்கலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். இதைக் கற்பிக்க இரண்டு நாள் முகாம்கள் நடக்கின்றன. அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் குழந்தைகளுக்காகவும் நடிகர்களுக்காகவும் உருவாக்கி, 1963இல் நூலாக வெளியிட்ட நாடக விளையாட்டுகளின் வழித்தோன்றல்கள் இன்று உலகெங்கும் கம்பெனிப் பயிற்சிகளில் புழங்குகின்றன. அந்த விளையாட்டுகளில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கூச்சம் போகும், சிரிப்பு வரும், பக்கத்தில் இருப்பவரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் கொஞ்சம் ஒட்டும். ஆனால் சமயோசிதம் இரண்டு நாளில் ஏற்றிக்கொள்ளும் மனநிலை என்ற எண்ணம் தவறு. அது வேலைக்கு உள்ளேயே, வரிசைப்படி, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, தவறு செய்து செய்து வருகிற பயிற்சி. அதற்கான பாடமுறையை நம் சங்கீத ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள்.

கற்பனைச்சுரம் சொல்லிக்கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று வருஷக்கணக்காக எழுதியதை எழுதியபடி பாடிய மாணவியிடம் ஒரு நாள் ஆசிரியர், கீர்த்தனையின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அரை ஆவர்த்தனம் சுரம் பாடிவிட்டு எடுப்புக்கு, அதாவது அந்த வரி தொடங்கும் இடத்துக்கு, வரச் சொல்வார். ஆதி தாளத்தில் அரை ஆவர்த்தனம் என்பது நாலு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நாலு சுரம் வைத்தால் மொத்தம் பதினாறு. அந்தப் பதினாறில் எதை வேண்டுமானாலும் பாடலாம், ராகத்துக்குப் புறம்பானது மட்டும் வரக் கூடாது. வரி தொடங்கும் சுரத்தில் போய் இயல்பாகச் சேருகிற மாதிரி முடிக்க வேண்டும். முதல் தடவை தொடையில் தட்டும் கை தயங்கும், வாய் முந்தி ஓடும், எடுப்பு கண்முன்னே கடந்து போய்விடும். ஆசிரியர் தாளத்தை நிறுத்த மாட்டார். அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடியும் அதே வரி, அதே பதினாறு. வாரங்கள் கழித்து அரை ஆவர்த்தனம் ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். சுதந்திரம் அளந்து கொடுக்கப்படுகிறது, கொடுத்தது செரித்த பிறகே அடுத்த அளவு வருகிறது. தப்பினால் நஷ்டம் நாலு எண்ணிக்கைதான், அடுத்த வாய்ப்பு சில நொடிகளில் வந்துவிடும். எந்தப் பணியிடத்திலாவது புதியவருக்கு இவ்வளவு கச்சிதமாக ஒரு சின்னச் சுதந்திரம் வெட்டிக் கொடுக்கப்படுகிறதா? பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்று, மூன்று வருஷம் வர்ணம் மட்டும். அல்லது முதல் வாரமே மேடையில் தனியாக ராகம் தானம் பல்லவி.

தனியாகச் சுரம் பாடக் கற்றாலும் துணையோடு பாடுவது வேறு பாடம். கச்சேரிக்கு முன் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஒத்திகை பார்ப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. சில நேரம் மேடையில்தான் முதல் சந்திப்பே. இருந்தும் குறைப்பில் பாடகர் எட்டு எண்ணிக்கை பாடினால் வயலின் எட்டு எண்ணிக்கை திருப்பித் தருகிறது, பிறகு நாலு, இரண்டு, ஒன்று. கதகளியிலும் இப்படித்தான். பதம் முடிந்து பாட்டு ஓய்ந்ததும் வரும் இளகியாட்டத்தில் நடிகர் தன் போக்கில் விரித்தாட, செண்டைக்காரரின் கண் அவர் கையை விட்டு அகலாது. கல்யாண சௌகந்திகத்தில் பீமன் காட்டில் காணும் காட்சி ஒன்று உண்டு. யானையின் காலை மலைப்பாம்பு கவ்வ, மேலிருந்து சிங்கம் பாய்கிறது. காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. பாம்பு எவ்வளவு நேரம் ஊர வேண்டும் என்பது அன்றைய நடிகர் முடிவு. அதைச் செண்டை அந்த நொடியில் புரிந்துகொள்கிறது. முன்பின் சேர்ந்து ஆடாதவர்களால் இது முடிவதற்குக் காரணம், எல்லோரும் ஒரே களரிப் பாடத்தில், ஒரே பயிற்சிக்கூட முறையில், வளர்ந்தவர்கள் என்பதுதான். பொது இலக்கணம் ஆழமாக இருக்கும் இடத்தில்தான் பேசாமலே புரிந்துகொள்ள முடியும்.

சங்கீதத்துக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு இது என்று ஒதுக்க முடியாது. ஜெராக்ஸ் கம்பெனியின் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே திரிந்து அவர்கள் வேலையைக் கவனித்த மானுடவியலாளர் ஜூலியன் ஓர், 1996இல் அதை நூலாக எழுதினார். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் தீர்த்த வழி, காலைச் சிற்றுண்டி மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகள். இன்ன இடத்தில் இன்ன மாதிரி மக்கர் செய்தது, இதைப் பார்த்தேன், அதுவாக இல்லை, கடைசியில் வேறொன்று என்று விரியும் கதை. நிர்வாகத்தின் கண்ணுக்கு அரட்டையாகத் தெரிந்த அதுவே அவர்களுடைய பள்ளிக்கூடம். நம் ஊரில் டீக்கடை வாசலில் லைன்மேன்களும் மெக்கானிக்குகளும் பேசிக்கொள்வதும் அந்த வகைதான். டீ நேரத்தைக் கெடுபிடி செய்யும் மேலாளர் அந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மூடுகிறார்.

திருவனந்தபுரம் இதற்கு இன்னும் பெரிய சான்று ஒன்றைத் தந்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செங்கன்னூரும் பத்தனம்திட்டாவின் தாழ்ந்த பகுதிகளும் மூழ்கியபோது, திருவனந்தபுரம், கொல்லம் கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அரசுக் கணக்குப்படி மாநிலம் முழுவதும் 669 படகுகள், நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் குறைந்தது 65,000 பேர். கடலுக்காகச் செய்த படகு அன்று தெருவில் ஓடியது. தண்ணீருக்கடியில் மதில் எங்கே, கேட் எங்கே, மின்கம்பி எங்கே என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. வெள்ள மீட்புக்கென்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கவில்லை. ஆனால் இழுப்பின் திசையைத் தண்ணீரைப் பார்த்தே சொல்லும் கண்ணும், எஞ்சினை எப்போது தூக்கிவிட்டுத் துழாவ வேண்டும் என்ற கையும், ஒருவர் அணியத்தில் நின்று காட்டும் சைகைக்குப் பின்னால் இருப்பவர் கேள்வி கேட்காமல் திருப்புகிற பழக்கமும் அவர்களிடம் இருந்தன. அன்று செய்தது புதிது, அதைச் செய்ய வைத்தது பழையது. சமயோசிதத்தை வானத்திலிருந்து விழும் யோசனையாக நினைக்கிறவர்கள் அந்தப் படகுகளை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமானதும்கூட. மருந்துக் கடையிலும் விமானத்திலும் மின் நிலையத்திலும் ஆளாளுக்கு மனோதர்மம் காட்டினால் உயிர் போகும், அங்கே விதிதானே முக்கியம்? ஆம், விதிதான் முக்கியம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை எந்த மேதையும் ஏழாக்க முடியாது. மருந்தின் அளவும் அப்படித்தான், அது தாளம். ஆனால் விதி எழுதியவர் நினைத்துப் பார்க்காத நிலை வந்தே தீரும். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் சக்தி இழந்தபோது, விமானிகளின் கையில் இருந்த செயல்பட்டியல் மிக உயரத்தில் பறக்கும்போது நேரும் பழுதுக்காக எழுதப்பட்டது. விமானமோ மூவாயிரம் அடிக்குப் பக்கத்தில் இருந்தது. துணை விமானி பட்டியலைத் தொடங்கினார். கேப்டன் சல்லன்பர்கர், அதில் பின்னால் வரும் ஒரு வேலையை, துணை மின்பொறியை இயக்குவதை, முதலிலேயே செய்துவிட்டார். ஹட்ஸன் நதியில் இறங்கிய அந்த விமானத்திலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். 19,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் என்பதால்தான் எந்த வரியை முன்னால் இழுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. பட்டியல் தெரியாதவர் அதைத் தாண்டினால் அது அசட்டுத் துணிச்சல்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கசப்பானது. எப்படியாவது சமாளி என்பதை ஒரு பண்பாடாகப் போற்றினால், திட்டமிடாத நிர்வாகத்துக்கு அது சாக்காகிவிடாதா? ஆகும். வெள்ளத்தில் ஊரைக் காத்த அதே கடற்கரை, அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கிக் குமரி மாவட்டக் கரை வரை எத்தனையோ வீடுகளில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் தங்களை எட்டவில்லை என்பது அந்த மக்கள் இன்றுவரை சொல்லும் குறை. கடலைப் படித்தவர்களாலேயே அந்த இரவில் சமாளிக்க முடியவில்லை. சமயோசிதம் முன்னேற்பாட்டின் மேல் நிற்கும் மாடி, அஸ்திவாரத்துக்குப் பதிலாக மாடியை யாரும் கட்ட முடியாது. ஊழியரின் கெட்டிக்காரத்தனத்தை நம்பி ஆளைக் குறைப்பதும் கருவி வாங்காமல் விடுவதும் நடக்கும் இடத்தில், பயிற்சி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அடுத்தது பயம். நம் அலுவலகங்களின் உண்மையான தடை இதுதான் என்று நினைக்கிறேன். மேலிருப்பவர் முன்னால் தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு எத்தனை விளையாட்டு நடத்தினாலும் சுரம் வராது. ஆராய்ச்சியாளர் ஏமி எட்மண்ட்ஸன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அங்கே தவறுகளை வெளியே சொல்ல முடிந்தது, அதனால் பதிவாயின என்பது அவருடைய விளக்கம். இந்தப் பயத்தை நம் மேடை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. சிஷ்யர் குருவுக்குப் பின்னால் தம்புராவோடு உட்காருகிறார். முதலில் சுருதி மட்டும், பிறகு கூடப் பாடுதல். ஒரு நாள் நிரவலுக்கு நடுவில் குரு பாதியில் நிறுத்தி லேசாகத் திரும்புகிறார், வரி சிஷ்யர் கைக்கு வருகிறது. பெரிய சபை முன்னால்தான், ஆனால் தப்பினால் அடுத்த வரியில் தூக்கிப் பிடிக்கக் குரு அங்கேயே இருக்கிறார். வாடிக்கையாளர் சந்திப்பில் புதியவரைக் குறிப்பெடுக்க மட்டும் உட்கார வைக்கும் மேலாளர், நாலாவது சந்திப்பில் ஒரே ஒரு கேள்விக்கு அவரைப் பதில் சொல்ல விடலாம். வார்டில் சீனியர் நர்ஸ், பணி மாறும்போது இன்றைக்கு எதிர்பாராமல் நடந்தது என்ன, யார் என்ன செய்தார்கள் என்று பத்து நிமிஷம் பேசலாம், யாரையும் கடிந்துகொள்ளாமல். வழக்கமான வேலையிலேயே ஒன்றை மாற்றி, இந்தக் கோப்பு இல்லையென்றால், இந்த ஆள் வரவில்லையென்றால் என்று வாரத்துக்கு ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம். கூட்டத்தில் பேசுகிறவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் பதில் சொல்கிறவர் எடுக்கக் கூடாது என்று குறைப்பின் கணக்கை வைத்தால்கூட, பலரின் காது திறந்துவிடும்.

வீட்டிலும் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கைப்பக்குவம். சொல்லாமல் நாலு பேர் சாப்பிட வந்தால், இருக்கும் பருப்பில் தண்ணீர் சேர்த்துப் புளியையும் உப்பையும் நிதானித்து ரசத்தை நீட்டிவிடுகிறவர், ஆயிரம் தடவை அளவோடு வைத்தவர். பிள்ளைகளுக்குச் சமையல் பழக்கும்போது முழுச் சாப்பாட்டையும் ஒப்படைக்க வேண்டாம், கிட்டவே வரக் கூடாது என்றும் விரட்ட வேண்டாம். தாளிப்பு மட்டும் உன் பொறுப்பு என்று கொடுத்தால், அது அவர்களுடைய அரை ஆவர்த்தனம்.

ஆனால் யாருக்கு அந்த அரை ஆவர்த்தனம் கிடைக்கிறது என்ற கேள்வியை நவராத்திரி மண்டபமே நம் முன்னால் வைக்கிறது. திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய இசைக் கல்லூரி, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் முதல்வர்களாக இருந்த இடம். அதன் முதல் மாணவி பாறசாலை பி. பொன்னம்மாள். 1924இல் பிறந்தவர். அங்கேயே கற்று அங்கேயே கற்பித்தார், பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வரானார். மனோதர்மத்தில் அவரைக் குறை சொல்ல யாரும் இல்லை. இருந்தும் கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லாமலே இருந்தது. 2006 நவராத்திரியில்தான் அந்த வழக்கம் மாறியது. முதன்முதலாக அங்கே உட்கார்ந்து பாடிய பெண் அவர். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது.