பாரதியின் தலைப்பாகை

சிவகிரியிலே கோட்டு என்னும் உடுப்பு பெட்டியை விட்டு வெளியே வரும் சந்தர்ப்பங்கள் இரண்டே. ஒன்று கலியாண மாப்பிள்ளையின் வரவேற்பு, மற்றொன்று பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி. பின்னதில், கண்மையால் மீசை வரைந்துகொண்டு, தகப்பனாரின் வேஷ்டியைத் தலையிலே சுற்றிக்கொண்டு, மேடையின் நடுவே விழித்துக்கொண்டு நிற்கிற சிறுவனைப் பார்த்து, இது யார் வேஷம் என்று எவரும் கேட்பதில்லை. வாய் திறக்குமுன் உடையைக் கொண்டே இனம் காணப்படுகிற பாக்கியம் தமிழ்ப் புலவர்களில் பாரதி ஒருவருக்கே வாய்த்தது. அவ்வுடை அவருக்குத் தற்செயலாக அமைந்ததன்று. இளம் பிராயத்திலேயே அதைத் தாமாக வரித்துக்கொண்டு, அதன் பொருட்டு உற்றாரிடம் வசவும் வாங்கியவர் அவர்.

நம் பக்கத்திலே கவிதை நெடுங்காலம் குரலை நம்பியே வாழ்ந்தது. சிவகிரிக்குக் கிழக்கே சென்னிகுளத்தில் பிறந்து, ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்து, முப்பது வயதைக் காணாமலே மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, எழுத்தறியாதவர் நாவிலும் ஏறிக் கழுகுமலைப் பாதையெல்லாம் ஒலித்தது என்றால், அதைச் சுமந்து சென்றது பாடுவோர் தொண்டையேயாகும். அந்த மரபின் நேர் வாரிசாக, 1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா, பதினோராம் பிராயத்தில் சமஸ்தானத்துப் புலவர் சபையில் வாய்மொழியாகவே கவி சொல்லிப் 'பாரதி' என்னும் பட்டத்தைப் பெற்றார்.

1897-இல் கடையத்துச் செல்லம்மாளை மணந்து, மறு வருஷம் தந்தையையும் இழந்த அப்பிள்ளை, காசியில் அனுமந்த கட்டத்துச் சிவமடத்தில் இருந்த அத்தை குப்பம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே வடநாட்டாரின் நடையுடை பாவனைகளைக் கண்டு மோகித்துக் குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், வால்விட்ட தலைப்பாகை கட்டினார். ஆசாரமான அந்தணர் இல்லத்து வாலிபன் மீசை வைத்துக்கொள்வது அந்நாளில் அற்ப விஷயமன்று. அத்தையின் கணவரான கிருஷ்ண சிவன் கோபங்கொண்டு, பந்தியில் தம்மோடு அமரவும் அவரை அனுமதிக்கவில்லை. மார்கழித் திருவாதிரையன்று பூஜை முடிந்து தீபாராதனைக்குக் காத்திருக்கையில், திருவெம்பாவை பாடவேண்டிய ஓதுவார் வராமற்போகவே, சிவனார் செய்வதறியாது திகைத்தார். அத்தையார் தயங்காமல் தலைப்பாகையும் மீசையுமாக நின்ற மருமகனை அழைத்துவந்து முன்னே நிறுத்தினார். பிள்ளை பாடினான், பெரியவரின் கோபம் கரைந்தது. பாரதியின் சரித்திரத்தை எழுதியோர் இந்நிகழ்ச்சியைப் பக்திக்கு உதாரணமாகக் காட்டுவர். எனக்கோ, இங்கே யாரும் அவரைத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுப் பாடு என்று சொன்னதாகத் தெரியவில்லை என்பதே பெரிய செய்தி.

பிற்காலத்தில் அவரோடு நெருங்கிப் பழகிய வ. ரா. தம் நூலில் அவ்வுடையைப் பிரியத்தோடு வர்ணிக்கிறார். உள்ளே சட்டை கிழிந்திருக்கலாம், பொத்தான் இல்லாதிருக்கலாம். அதன்மேல் கோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். அக்கோட்டில் ரோஜாவோ மல்லிகையோ, அவை கிட்டாத நாளில் வேப்பம்பூவோ செருகப்பட்டிருக்கும். வறுமையை மறைக்கவே கோட்டணிந்தார் என்போர் உளர். மறைப்பவன் பூ வைத்து அதன்மேல் பிறர் பார்வையை இழுப்பானா? மேலாடையை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு வீடு திரும்பினார் என்னும் கதைகளும் வழங்குகின்றன. உடையில் ஆசை உண்டு, உடைமையில் இல்லை என்றே அவற்றிலிருந்து கொள்ளவேண்டும்.

சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று தெற்கு நோக்கிச் சென்று, அம்பாசமுத்திரம் சாலையிலே திரும்பினால் கடையம் வரும். புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு, கடலூரில் சிறைப்பட்டு, 1918 டிசம்பரில் விடுதலையான பாரதி, மனைவியின் ஊராகிய இங்கேதான் வந்து தங்கினார். அக்காலத்தே, 1919 மே மாதம், எட்டயபுரம் அரசருக்கு அவர் விடுத்த சீட்டுக்கவி விசித்திரமானது. புதிய இசையில் அமைந்த தம் கவிதையைத் தாமே சந்நிதியில் நின்று பாட, அரசர் அதைச் செவியால் கேட்டுப் போற்றி, ஜயபேரிகை முழங்கச் சால்வைகளும் பொற்பைகளும் பல்லக்கும் பரிவாரமும் வழங்கவேண்டும் என்று அதிலே கேட்கிறார். கஷ்ட ஜீவனம் நடத்துகிறவர் அரிசியும் பருப்பும் கேட்கவில்லை; தோளில் போர்த்தத் தக்கதைக் கேட்கிறார்! பாடுகிற குரலையும் போர்த்துகிற சால்வையையும் ஒரே மூச்சில் கேட்கத் துணிந்த அந்தக் கம்பீரம், யாசகத்தின் பாஷையில் வருவதன்று. புலவனைச் சரியாசனத்தில் இருத்திய பழைய சபைகளின் நினைவில் வருவது.

அரசர் செவிசாய்க்கவில்லை. ஆதலால் கவிஞர் ஜனங்களிடம் திரும்பினார். 1920-இல் கடையத்திலிருந்தே தம் நூல்களை 40 புஸ்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதியாக அச்சிடப் போவதாக அறிக்கை விடுத்து, அவை மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீடுதோறும் விலைபோகும் என்று நம்பி, அன்பர்களிடம் கடன் வேண்டினார். பணம் திரளாமற்போகவே, அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னை சென்று சுதேசமித்திரன் பத்திரிகையில் மறுபடியும் வேலைக்கு அமர்ந்தார்.