முன்வாசலும் முழுக்கால் சட்டையும்

1983, ஜூன் மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஓக்மான்ட் மைதானம். யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிச் சுற்று. எழுபத்தோரு குழிகளை ஆடி முடித்திருந்த ஃபாரஸ்ட் ஃபெஸ்லர், எழுபத்திரண்டாவது குழிக்குப் போகுமுன் மைதான ஓரத்தில் வைத்திருந்த தற்காலிகக் கழிப்பறைக்குள் நுழைந்தார். பேன்ட்டோடு உள்ளே போனவர் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்தார். அப்படியே போய்க் கடைசிக் குழியை ஆடி முடித்தார்.

ஃபெஸ்லர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1974இல் இதே யு.எஸ். ஓப்பனில் இரண்டாம் இடம் பிடித்தவர். போட்டியை நடத்தும் அமைப்போடு அவருக்கு மனக்கசப்பு இருந்தது. அதைக் காட்ட அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. முட்டியைக் காட்டினார், அவ்வளவுதான். 2018இல் அவர் காலமானபோது அந்த இரண்டாம் இடத்தோடு இந்த அரைக்கால் சட்டையும் சேர்ந்தே நினைவுகூரப்பட்டது. ஒரு மனிதன் தன் முட்டியைக் காட்டியது முப்பத்தைந்து ஆண்டுகள் பேசப்படுகிறது என்றால், அங்கே துணியைவிடப் பெரிய விஷயம் ஏதோ இருக்கிறது.

அது என்ன என்பதைத் தமிழ்ப் பேச்சிலிருந்தே பிடிக்கலாம். ஆங்கிலத்தில் கணுக்கால் வரை வரும் உடுப்புக்கு உரிய சொல், நம் ஊருக்கு வந்து ‘டவுசர்’ ஆகி முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. டவுசர் போட்டவன் பையன், பேன்ட் போட்டவன் ஆள். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ முதல் பேன்ட் தைத்துப் போட்ட அன்று தெருவில் நடந்த நடையை நம்மில் பல ஆண்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்திலும் அதே கணக்குதான். பள்ளிப் பையன்களுக்கு அரைக்கால், வளர்ந்த ஆண்களுக்கு முழுக்கால். ஆண் வீரர்கள் முழுக்கால் பேன்ட் போட்டே ஆட வேண்டும் என்ற கோல்ஃப் மைதானத்தின் உடை விதிக்குள் ஒளிந்திருப்பது இந்த ஆள்–பையன் பிரிவினை. அதற்கும் அடியில் கனவான்–வேலைக்காரன் பிரிவினை இருக்கிறது.

ஏனென்றால், ஒரு காலத்தில் தொழில்முறை கோல்ஃப் வீரர் வேலைக்காரராகத்தான் நடத்தப்பட்டார். கிளப் உறுப்பினர்கள் கனவான்கள்; பொழுதுபோக்காக ஆடுபவர்கள். காசுக்கு ஆடுபவர் பந்தும் மட்டையும் பழுதுபார்ப்பார், உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லித்தருவார், முன்வாசல் வழியாகக் கிளப்புக்குள் வரமாட்டார். 1920இல் இங்கிலாந்தின் டீல் ஊரில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்தபோது, அமெரிக்காவின் முன்னணி வீரரான வால்டர் ஹேகனுக்கே உடைமாற்றும் அறையில் இடமில்லை. கடைப்பக்கம் போய் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஹேகன் ஓட்டுநரோடு ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்து, கிளப்பின் முன்வாசலுக்கு எதிரிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றினார். அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 53ஆவது இடம். பின்னாளில் அதே கோப்பையை நான்கு முறை வென்றார்.

அதே ஆண்டு அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் இன்வெர்னஸ் கிளப், யு.எஸ். ஓப்பனுக்கு வந்த தொழில்முறை வீரர்களுக்குத் தன் கிளப் கதவுகளைத் திறந்துவிட்டது. நெகிழ்ந்துபோன வீரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஆளுயரக் கடிகாரம் ஒன்றை அந்தக் கிளப்புக்குப் பரிசளித்தார்கள். கதவைத் திறந்ததற்கு நன்றியாக ஒரு கடிகாரம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஹேகனின் உடையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பட்டுச் சட்டை, கழுத்துப் பட்டை, பளபளக்கும் காலணி என்று உறுப்பினர்களைவிட ஒரு படி மேலாகவே உடுத்தினார். ‘நான் உன் பின்வாசல் ஆள் இல்லை’ என்று சொல்ல அவருக்கு வேறு மொழி இல்லை. ஆகவே தொழில்முறை வீரர் மடிப்புக் கலையாத பேன்ட்டோடுதான் நிற்க வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் சொல்லும்போது, அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. போராடிப் பெற்ற மரியாதை அந்த மடிப்பில் இருக்கிறது.

ஆனால் அந்த மரியாதை கணுக்கால் வரை நீண்டே தீர வேண்டும் என்று அந்தக் காலமே சொல்லவில்லை. 1920களில் ஹேகனும் பாபி ஜோன்ஸும் ஜீன் சராசெனும் போட்டது ‘ப்ளஸ் ஃபோர்ஸ்’. முட்டிக்குக் கீழே நான்கு அங்குலம் தொங்கி, அங்கேயே இறுக்கிக் கட்டப்பட்ட தொளதொள கால்சட்டை அது. கீழே நீளக் காலுறை. நீளப் பேன்ட் ஈரப் புல்லில் இழுபட்டுக் கனத்துவிடும், இது கனக்காது, காலை வீசி நடக்கவும் தோது. நடப்பதற்கு வசதியானதைத்தான் அன்றைய மேதைகள் உடுத்தினார்கள். கணுக்கால் வரையான பேன்ட் அதற்குப் பிறகுதான் மைதானத்தின் பொதுவழக்கம் ஆயிற்று. 1980களிலும் 90களிலும் பெய்ன் ஸ்டுவர்ட் அந்தப் பழைய ப்ளஸ் ஃபோர்ஸை மறுபடி போட்டு வந்தபோது ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1999இல் விமான விபத்தில் அவர் இறந்தபின் பைன்ஹர்ஸ்ட்டில் எழுந்த சிலையிலும் அவருக்கு அந்த உடைதான். முட்டிக்குக் கீழே நான்கு அங்குலம் மரபு, முட்டியளவு மரபுக்கேடு. அந்த நான்கு அங்குலத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

பெண்களின் கதை இதைத் தலைகீழாகக் காட்டும். 1933இல் இங்கிலாந்துப் பெண்கள் சாம்பியன்ஷிப் போட்டிக்கு குளோரியா மினோப்ரியோ என்பவர் கருநீலப் பேன்ட் அணிந்து வந்தார். பெண் பேன்ட் போடுவதா என்று பெண்கள் கோல்ஃப் அமைப்பே வருத்தம் தெரிவித்தது. அந்த அம்மையார் ஒரே ஒரு மட்டையை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் ஆடினார் என்பது இன்னொரு அதிசயம். ஆனால் ஊர் பேசியது பேன்ட்டைப் பற்றித்தான். அதே 1933இல் விம்பிள்டன் டென்னிஸில் பன்னி ஆஸ்டின் அரைக்கால் சட்டையோடு இறங்கினார். கனமான ஃபிளானல் பேன்ட் வியர்வையில் நனைந்து காலைப் பிடித்து இழுக்கிறது என்பது அவர் கண்ட அனுபவம். டென்னிஸ் அந்த அனுபவத்தை ஏற்றுக்கொண்டது. இன்று முழுக்கால் பேன்ட்டோடு ஒருவர் விம்பிள்டன் களத்தில் நின்றால் நாம்தான் திகைப்போம். கோல்ஃபிலும் பெண்களுக்கு வழி திறந்துவிட்டது. எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில் அரைக்கால் சட்டையும் குட்டைப் பாவாடையும் பல ஆண்டுகளாகச் சாதாரணம். ஆண்களின் கால் மட்டும் அப்படியே மூடிக்கிடந்தது.

உடை விதியை வெயில்தான் உடைத்தது. உடைந்த இடம் வீரர் அல்ல, அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடி. 1999 ஜூலையில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் ஓப்பன் போட்டி நடந்தபோது, கடும் வெக்கையில் பையைச் சுமந்து நடந்த கேடி ஒருவர் மைதானத்திலேயே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான், அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர், கேடிகளுக்கு அரைக்கால் சட்டையை அனுமதித்தது. ஓர் உடம்பு சரிய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தொலைக்காட்சியில் ஒரு விசித்திரக் காட்சி வழக்கமாயிற்று: ஒரே வெயில், ஒரே புல், பக்கத்துப் பக்கத்தில் இருவர், சுமப்பவர் அரைக்காலில், அடிப்பவர் முழுக்காலில். வேலைக்காரருக்கு இளக்கம், கனவானுக்கு இறுக்கம் என்ற பழைய கணக்கு வேறு உருவில் திரும்பி வந்திருந்தது.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு விரற்கடையாகத் துணி ஏறியது. 2016 ஜனவரியில் அபுதாபி போட்டியிலிருந்து, பயிற்சிச் சுற்றுகளிலும் தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் கலந்து ஆடும் ப்ரோ-ஆம் ஆட்டங்களிலும் ஐரோப்பிய டூர் அரைக்கால் சட்டையை அனுமதித்தது. 2017இல் ஷார்லட் நகரின் குவெய்ல் ஹாலோவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் பயிற்சி நாள்களிலும் அனுமதி கிடைத்தது. 2019 பிப்ரவரியில் பி.ஜி.ஏ. டூரும் வழிக்கு வந்தது: முட்டி அளவு, நேர்த்தியாகத் தைத்தது, பயிற்சிக்கும் ப்ரோ-ஆமுக்கும் மட்டும். போட்டி தொடங்கும் வியாழக்கிழமை பேன்ட் திரும்பிவிடும்.

போட்டி நாளிலேயே கதவு திறந்தது 2020 நவம்பரில், தென்னாப்பிரிக்காவில். க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய லெப்பர்டு க்ரீக் மைதானத்தில் நடந்த ஆல்ஃபிரட் டன்ஹில் சாம்பியன்ஷிப்பில், கொளுத்தும் வெயிலை முன்னிட்டு வீரர்கள் போட்டிச் சுற்றுகளிலேயே அரைக்கால் சட்டை போடலாம் என்று ஐரோப்பிய டூர் சொன்னது. போட்டி எந்தக் குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது.

2022 செப்டம்பரில் பாஸ்டன் அருகே நடந்த எல்.ஐ.வி. போட்டி இன்னொரு கட்டம். பி.ஜி.ஏ. டூருக்குப் போட்டியாகச் சவூதிப் பணத்தில் தொடங்கிய அந்தப் புதிய லீக், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அரைக்கால் சட்டைக்கு அனுமதி என்று அறிவித்தது. நம் அனிர்பன் லாஹிரிக்கு அந்த லீக்கில் அதுதான் முதல் போட்டி. மூன்று சுற்றுகளும் முடிந்தபோது அவரும் டஸ்டின் ஜான்சனும் வாக்கின் நீமனும் சமநிலையில் நின்றார்கள். கூடுதல் குழியில் ஜான்சன் நீண்ட தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி வென்றார். ஆட்டத்தின் சுவை துளியும் குறையவில்லை. எனக்கு இதில் வருத்தம் தருவது வேறு: அதோடு அரைக்கால் சட்டை ஒரு கட்சிக்கொடி ஆகிப்போனது. எதிர்த் தரப்பு செய்ததை நாமும் செய்வதா என்ற தயக்கம் பழைய டூரின் பக்கம் ஒட்டிக்கொண்டது. வெயிலைப் பற்றிய கேள்வி வெயிலைப் பற்றியதாகவே இருந்திருக்கலாம்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். வெள்ளைத்தோல் வீரர்களுக்குத் தோல் புற்றுநோய் உண்மையான ஆபத்து. வாரத்தில் பல நாள், நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் வெயிலில் நிற்பவர்களுக்குக் காலை மூடும் துணி ஒரு காப்பு. அப்படி நினைப்பவர் மூடிக்கொள்ளட்டும். நான் கேட்பது அனுமதிதான், கட்டாயம் அல்ல. மற்றபடி ‘பார்க்க நன்றாயிருக்காது’ என்ற வாதம் என்னிடம் எடுபடவில்லை. 2004 பிரிட்டிஷ் ஓப்பனில் இயன் போல்ட்டர் பிரிட்டனின் தேசியக்கொடியையே பேன்ட்டாகத் தைத்துப் போட்டு ஆடினார். ஜான் டேலியின் பேன்ட்டுகளில் இல்லாத நிறமும் இல்லை, இல்லாத உருவமும் இல்லை. அவையெல்லாம் விதிக்கு உட்பட்டவை. பி.ஜி.ஏ. டூரின் 2019 விதியில் இஸ்திரி போட்ட சாம்பல்நிற அரைக்கால் சட்டைக்கு மட்டும் போட்டி நாளில் இடம் இருக்கவில்லை. கண்ணியத்தை அளக்கும் கோல் நீளத்தை மட்டுமே அளந்துகொண்டிருக்கிறது.

இதைச் சென்னையில் வாழ்பவர்களிடம் விளக்க வேண்டிய தேவை இல்லை. 2014 ஜூலையில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்ததற்காகச் சென்னைக் கிளப் ஒன்றின் வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றி அந்தத் தடையை நீக்கியது. கிளப் உடை விதி நமக்கு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற சொத்து. அதே வெள்ளைக்காரர்களின் ராணுவம் வெப்ப நாடுகளில் காக்கி அரைக்கால் சட்டையைச் சீருடையாகவே போட்டது. பெர்முடா தீவில் இன்றும் கோட்டும் கழுத்துப் பட்டையும் முட்டியளவுக் கால்சட்டையுமாக அலுவலகம் போகிறார்கள். வெயில் எங்கே அடிக்கிறதோ அங்கே அவர்களே இளகியிருக்கிறார்கள்.

பி.ஜி.ஏ. டூர் ஒருமுறை நீதிமன்றத்தில் வாதாடியது: நடந்து களைப்பதும் இந்த ஆட்டத்தின் உயிரான பகுதி, எனவே யாருக்கும் வண்டி கூடாது என்று. காலில் ரத்த ஓட்டக் குறைபாடு கொண்ட கேசி மார்ட்டின் தொடுத்த வழக்கு அது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு வண்டி தந்தது. மற்றவர்கள் இன்றும் நடக்கிறார்கள், நடக்கட்டும். ஆறேழு கிலோமீட்டருக்கும் மேலாக, ஏற்ற இறக்கத்தில், நாலு நாள். அந்த நடைதான் ஆட்டத்தின் உயிர் என்றால், நடக்கும் காலுக்குக் காற்றை மறுப்பதில் ஆட்டத்துக்கு என்ன சேவை இருக்கிறது?

ஹேகன் கார் நிறுத்திய வாசல் இன்று திறந்திருக்கிறது. எந்தத் தொழில்முறை வீரரையும் பின்பக்கம் போகச் சொல்ல இனி யாருக்கும் துணிவில்லை. அவர்கள் வந்தால்தான் கிளப்புக்கே பெருமை. ஆனால் 2019இல் போட்ட கோட்டின்படி ஆகஸ்ட் மாதத்து அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு புதன்கிழமையையும் மறுநாள் வியாழக்கிழமையையும் நினைத்துப் பாருங்கள். புதனன்று ஒரு வீரர் முட்டியளவு உடையில், இலகுவாகச் சிரித்தபடி, அமெச்சூர்களோடு பதினெட்டுக் குழிகளும் நடக்கிறார். வியாழனன்று அதே முதல் குழியின் தொடக்கத்தில், அதே வெக்கையில், தொடையோடு ஒட்டிய பேன்ட்டைக் கிள்ளி இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். மட்டையை நீட்டும் கேடி பக்கத்தில்தான் நிற்கிறார், அரைக்கால் சட்டையில்.